தொட்டால் புள்ளி, தொட்டால் தீட்டு: ஊர் விளையாட்டைப் படமெடுப்பது பற்றி

(அன்னவாசலில் இளைஞர் படிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னைப் பேச அழைத்த தோழர் ஒரு நிபந்தனை போட்டார். "உன் முனைவர் பட்ட ஆய்வைப் பற்றிப் பேசினால் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். நீ எடுக்கிற விளையாட்டுப் படங்களைப் பற்றிப் பேசு" என்றார். இரண்டும் ஒன்றுதான் என்று அவரிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன். ஊர்களில் இருக்கும் விளையாட்டுக் குழுக்களையும் சாதியையும் பற்றித்தான் என் ஆய்வு. மின்னொளிக் கபடி, கைப்பந்து, டென்னிஸ் பந்து கிரிக்கெட், பள்ளிகளின் குறுவட்டப் போட்டி என்று எங்கே ஆட்டம் நடந்தாலும் போய் நிற்பேன். வெறும் நோட்டும் பேனாவுமாகப் போனால் "நீ யாருப்பா, எந்த ஊரு, யாரு வீடு?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு என்ன பொருள் என்று உங்களுக்குத் தெரியும். கேமரா கையில் இருந்தால் "தம்பி, இந்தப் பக்கம் வாங்க" என்று இடம் விடுவார்கள். அதற்காகவே பழைய கேமரா ஒன்றை இரண்டாம் கையாக வாங்கினேன். உள்ளே போக ஒரு சீட்டாக வாங்கியதுதான். பிறகு அதுவே பெரிய வேலையாகிவிட்டது.

இன்று உங்கள் எல்லோரிடமும் கேமரா இருக்கிறது. ஆட்டம் முடிவதற்குள் படம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஏறிவிடுகிறது. அதனால் இதைப் பேசவேண்டிய தேவையும் வந்துவிட்டது.

ஓர் இரவில் நடந்ததைச் சொல்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். நம் மாவட்டத்தில் ஓர் ஊர், அவ்வளவுதான். கோயில் திருவிழாவை ஒட்டி மின்னொளிக் கபடி. இறுதி ஆட்டம் தொடங்கும்போது விடியற்காலை மூன்று மணி இருக்கும். உள்ளூர் அணியில் ஏழு பேர். ஐந்து பேர் ஊர்த்தெரு, இரண்டு பேர் காலனி. ஒரு புள்ளிதான் முன்னிலை, எதிரணிக்குக் கடைசி ரெய்டு. பாடி வந்தவன் நல்ல உயரம். கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது கார்னரில் நின்ற காலனிப் பையன் கணுக்காலைப் பிடித்தான். மற்ற ஆறு பேரும் அவன் மேலேயே விழுந்து அமுக்கினார்கள். அந்த நொடியை எடுத்தேன். புழுதி, விளக்கு வெளிச்சம், ஒருவர் தோளில் ஒருவர் கை, ஒருவர் முதுகில் ஒருவர் முகம். யார் கால் யாருடையது என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

பத்து நிமிடம் கழித்துக் கோப்பை வழங்கினார்கள். மைக்கில் பெயர் பெயராகக் கூப்பிட்டார்கள்: முதல் பரிசு உபயம் இன்னார், கோப்பை உபயம் இன்னார், மாலை உபயம் இன்னார். உபயதாரர்களும் விழாக் கமிட்டியும் முன்னால் நின்றார்கள். கோப்பை அவர்கள் கையில். ஆடிய பையன்கள் பின்னால், எட்டிப் பார்த்துக்கொண்டு. "எடுங்க தம்பி" என்றார்கள். எடுத்தேன். பத்துப் பதினைந்து படம் எடுத்திருப்பேன்.

வீட்டுக்கு வந்து கணினியில் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. கோப்பைப் படம் ஒன்றில்கூடக் காலனிப் பையன்கள் இருவரும் இல்லை. ஒரே ஒரு படத்தின் ஓரத்தில் ஒரு முழங்கையும், அந்தக் கையில் தொங்கும் இரண்டு ஜோடிச் செருப்பும் இருந்தன. மற்றவர்களுடைய செருப்பையும் தண்ணீர் பாட்டிலையும் வைத்துக்கொண்டு அவர்கள் ஓரமாக நின்றிருக்கிறார்கள். யாரும் அவர்களைப் போகச் சொல்லவில்லை. வரச் சொல்லவுமில்லை. நான் காலனியிலிருந்து வந்தவன்தான், தோழர்களே. சாதியைப் பற்றி ஆய்வு செய்கிறவன்தான். இருந்தும் அந்தப் பத்து நிமிடம் என் கேமரா ஊரின் கண்ணால்தான் பார்த்திருக்கிறது.

கபடி என்ன ஆட்டம்? தொடுகிற ஆட்டம். தொட்டால் புள்ளி. தொட்டுவிட்டுத் தப்பித்தால் புள்ளி, தொட்டவனைக் கட்டிப் பிடித்தாலும் புள்ளி. தொட்டால் தீட்டு என்று விதி வைத்திருக்கிற ஊரில்தான் இந்த ஆட்டமும் நடக்கிறது. கோட்டுக்குள் நாற்பது நிமிடம் தீட்டு செல்லாது. கோட்டைத் தாண்டி வெளியே வந்தவுடன் செல்லுபடியாகிறது. என்னிடம் இருக்கும் அந்த இரண்டு படங்களுக்கும் இடையில் இருப்பது அந்தப் பத்து நிமிடம். பிடிப் படத்தில் யார் எந்தத் தெரு என்று கண்டுபிடிக்க முடியாது. கோப்பைப் படத்தில் யார் இல்லை என்று பார்த்தாலே ஊரின் வரைபடம் கிடைத்துவிடும்.

"விளையாட்டில் சாதியைக் கொண்டு வராதீர்கள்" என்று நம்மைப் பார்த்துச் சொல்கிறவர்கள் எப்போதும் பிடிப் படத்தைத்தான் காட்டுவார்கள். "பாருங்கள், எல்லோரும் சேர்ந்துதானே ஆடுகிறார்கள்" என்பார்கள். ஆடுகிறார்கள், உண்மைதான். கோப்பைப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பேசுவோம் என்றுதான் நாம் சொல்கிறோம்.

இது இன்று நேற்று வந்ததல்ல. 1911இல் இந்தியாவிலிருந்து ஒரு கிரிக்கெட் அணி இங்கிலாந்துக்குப் போனது. தலைவர் பாட்டியாலா மகாராஜா. அந்த அணியில் அதிக விக்கெட் எடுத்தவர் பல்வங்கர் பாலு, சமார் சாதியில் பிறந்தவர். அந்தச் சுற்றுப்பயணத்தில் மட்டும் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தார். அணியின் குழுப்படத்தில் அவரும் இருக்கிறார். அந்தப் படத்தை மட்டும் பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றும். அதே பாலுவுக்குப் பூனாவில் இந்து அணிக்காக ஆடியபோது தேநீர் வெளியே வைத்து, தனி மண்குவளையில் கொடுத்தார்கள். பந்தை அவர் கையிலிருந்து வாங்கலாம், குவளையை வாங்கக்கூடாது. அத்தனை ஆண்டுகள் ஆடியும் அவரை அணித்தலைவர் ஆக்கவில்லை. அவர் தம்பி விட்டல்தான் போராட்டத்துக்குப் பிறகு 1923இல் தலைவரானார். குழுப்படம் இருக்கிறது. மண்குவளைக்குப் படம் இல்லை. அதை எழுத்தில்தான் தெரிந்துகொள்கிறோம்.

இன்னொருவர் நம் மாவட்டத்துக்காரர். கத்தக்குறிச்சி சாந்தி சௌந்தரராஜன். செங்கல் சூளைத் தொழிலாளர்களின் மகள். 2006இல் தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டர் ஓடி வெள்ளி வாங்கினார். இரண்டு நிமிடம் 3.16 விநாடி. மூன்றாவதாக வந்த கசகஸ்தான் வீராங்கனைக்கும் அவருக்கும் வித்தியாசம் 0.03 விநாடி. அந்த இடைவெளியை மனிதக் கண் பார்க்க முடியாது. கோட்டில் வைத்த கேமராதான் பார்த்துச் சொன்னது. ஒரு தலித் பெண் இரண்டாவதாக வந்தார் என்பதற்குக் கேமராவே சாட்சி. அந்தப் பதக்கத்தைப் பிறகு பாலினச் சோதனை என்ற பெயரில் பறித்தார்கள். ஓர் இளம்பெண்ணின் உடலைப் பற்றி நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் பேசினார்கள். அன்றைய முதல்வர் கலைஞர் பதினைந்து லட்ச ரூபாயும் பாராட்டும் கொடுத்து, பதக்கம் போனாலும் நம் வீராங்கனைதான் என்று நின்றார். சாந்தி நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தார். பிறகு கையில் காசில்லாமல் மீண்டும் சூளைக்கே கூலி வேலைக்குப் போனார்.

நான் சொல்ல வருவது இதற்கு அடுத்தது. 2012 வாக்கில் அவர் சூளையில் வேலை செய்யும் படம் நாடெங்கும் பரவியது. அந்தப் படத்தால் அவருக்குக் கவனம் கிடைத்தது. பின்னாளில் அரசுப் பயிற்சியாளர் வேலையும் கிடைத்தது. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இங்கே இருக்கும் தங்கைகளைக் கேட்கிறேன்: சாந்தி என்றதும் உங்கள் கண்ணில் வருவது செங்கல் சுமக்கிற சாந்தியா, ஓடுகிற சாந்தியா? நம்மவர்கள் கஷ்டப்படுகிற படத்துக்குப் பஞ்சமே இல்லை. அழுகிற படம், அடிபட்ட படம், எரிந்த குடிசை முன்னால் நிற்கிற படம். இதே அன்னவாசல் ஒன்றியத்தில் இருக்கிற வேங்கைவயலை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 டிசம்பர் 26இல் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது தெரிய வந்தது. அதற்குப் பிறகு எத்தனை கேமரா வந்தது! இன்றும் வேங்கைவயல் என்று தேடினால் முதலில் வருவது அந்தத் தொட்டிதான். அந்தத் தொட்டியின் படம் வேண்டும், அது சாட்சி. ஆனால் அந்தத் தெருப் பிள்ளைகள் தொட்டிக்குப் பக்கத்திலேயே பிறந்து தொட்டிக்குப் பக்கத்திலேயே நிற்கிறவர்கள் அல்ல. அவர்களும் மாலையில் பந்து விளையாடுகிறவர்கள்தான்.

சென்னை கண்ணகி நகரும் அப்படித்தான். நகரத்துக்குள் இருந்த குடிசைப் பகுதி மக்களைப் பெயர்த்துக்கொண்டு போய்க் குடியமர்த்திய இடம். செய்தியில் அந்தப் பெயர் வந்தால் குற்றச் செய்தியாகத்தான் வரும். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது. அந்த அணியில் ஆடிய கார்த்திகா கண்ணகி நகர்ப் பெண். அந்த வாரம்தான் அந்தத் தெருவின் வேறு முகம் செய்தித்தாளில் வந்தது. அதற்கு ஒரு பெண் ஆசியத் தங்கம் வாங்க வேண்டியிருந்தது. தங்கம் வாங்காத ஆயிரம் பிள்ளைகளையும் ஆடுகிறவர்களாகப் பார்க்க வேண்டாமா? அதைச் செய்யப் பெரிய பத்திரிகை வராது. நீங்களும் நானும்தான் செய்ய வேண்டும்.

இனி கொஞ்சம் தொழில் பேசுவோம். இதிலும் அரசியல் இருக்கிறது.

முதலில் வெளிச்சம். இரவு ஆட்டத்தில் களத்துக்குப் பின்னால் வெள்ளை ஃபிளக்ஸும் ஹாலஜன் விளக்கும் இருக்கும். அந்தப் பளபளப்பைப் பார்த்துக் கேமரா தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துவிடும். நம் பையன்களின் கறுத்த முகம் வெறும் நிழலாகிவிடும். கைப்பேசியில் எடுத்தால் ஆட்டக்காரர் முகத்தின் மேல் விரலை வைத்து, வெளிச்சத்தை மேலே தள்ளுங்கள். கேமராவில் எடுத்தால் எக்ஸ்போஷரை ஒரு படி ஏற்றுங்கள். பின்னால் இருக்கிற ஃபிளக்ஸ் வெளுத்துப் போகும். போகட்டும், அதில் இருப்பவர்களை ஊர் ஏற்கெனவே பார்த்துவிட்டது.

கேமரா யார் முகத்தை ஒழுங்காகக் காட்ட வேண்டும் என்பதையும் யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். கோடாக் கம்பெனி பல பத்தாண்டுகளாகப் பட அச்சகங்களுக்கு ஓர் அட்டை அனுப்பியது. 'ஷெர்லி அட்டை' என்று பெயர். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருக்கும். அவள் தோல் நிறம் சரியாக வந்தால் நிறம் சரி என்று பொருள். கறுப்பர்களின் முகம் விவரமில்லாமல் இருட்டாக வந்தபோது கம்பெனி பெரிதாக அசையவில்லை. சாக்லேட் விளம்பரக்காரர்களும் மரச்சாமான் விளம்பரக்காரர்களும் பழுப்பு நிறம் சரியாக வரவில்லை என்று சொன்ன பிறகுதான் ஃபிலிமைத் திருத்தும் வேலை வேகமெடுத்தது. நம் ஊர் ஸ்டுடியோக்களில் இன்றைக்கும் கல்யாண ஆல்பத்தில் எல்லோருக்கும் ஒரு பூச்சு வெள்ளை அடிக்கிறார்கள். கைப்பேசியில் 'பியூட்டி' என்று ஒன்று தானாகவே போட்டு வைத்திருக்கிறார்கள். விளையாட்டுப் படம் எடுக்கும்போது முதல் வேலையாக அதை அணைத்துவிடுங்கள். வெயிலில் ஆடுகிறவன் உடம்பு என்ன நிறமோ அந்த நிறத்தில் வரட்டும். வேர்வை பட்டுப் பளபளக்கிற கறுப்பைவிட நல்ல நிறம் விளையாட்டுப் படத்தில் எனக்குத் தெரியாது.

அடுத்து வேகம். ஓடுகிறவனை நிறுத்திப் பிடிக்க ஷட்டர் விநாடியில் ஐந்நூறில் ஒரு பங்காவது வேண்டும். இரவில் அவ்வளவு வெளிச்சம் கிடைக்காது. ஐஎஸ்ஓவை 3200, 6400 என்று ஏற்ற வேண்டியிருக்கும். படத்தில் புள்ளி புள்ளியாக வரும், வந்தால் பரவாயில்லை. நம் மின்சாரம் ஐம்பது ஹெர்ட்ஸ். அதனால் பல விளக்குகள் விநாடிக்கு நூறு முறை மங்கி எரியும். அது கண்ணுக்குத் தெரியாது, வேகமான ஷட்டருக்குத் தெரியும். ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்த படம் மங்கலாகவும் வந்தால் கேமரா கெட்டுப்போனதாகப் பயப்பட வேண்டாம். தொடர்ச்சியாக நாலைந்து எடுத்து நல்லதை வைத்துக்கொள்ளுங்கள். ஃபிளாஷ் மட்டும் போடாதீர்கள். பாடி வருகிறவன் கண்ணில் அடித்தால் ஆட்டமே கெடும்.

விலை உயர்ந்த லென்ஸ் வேண்டும் என்பதில்லை. எங்கே நிற்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். கமிட்டி நாற்காலி போட்டிருக்கும் பக்கத்தில்தான் நமக்கும் இடம் கொடுப்பார்கள். அங்கிருந்து எடுத்தால் எதிரே தெரிவது களமும், அதற்குப் பின்னால் இருட்டில் நிற்கும் கூட்டமும். ஒருமுறை எதிர்ப்பக்கம் போய், காலனிச் சனம் நின்று பார்க்கிற இடத்தில் மண்ணில் உட்கார்ந்து எடுத்துப் பாருங்கள். ஆட்டக்காரர்கள் ஓங்கித் தெரிவார்கள். பின்னணியில் நாற்காலிகள் வரும். யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் நிற்கிறார்கள் என்பதும் படத்தில் பதிவாகிவிடும்.

ஃபிளக்ஸ் பற்றி ஒரு கேள்வி அடிக்கடி வரும். சாதித் தலைவர் படம், சாதி நிறம், கையில் சாதிக் கயிறு இவற்றோடு சேர்த்துப் படம் எடுக்கலாமா? இந்தக் கயிறு சாதாரண விஷயமில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவனை வீடு புகுந்து வெட்டிய பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் மாணவர்கள் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடை செய்யச் சொன்னது. என் வழக்கம் இது: அதை அப்படியே ஒரு படம் எடுத்து ஆவணமாக வைத்துக்கொள்வேன். எங்கே, எப்போது என்று எழுதி வைப்பேன். பரப்புகிற படத்தை வேறு கோணத்தில் எடுப்பேன். சாதியை மறைக்கவும் கூடாது, அதற்கு இலவச விளம்பரம் செய்யவும் கூடாது.

இதுவரை சொன்னது எப்படி எடுப்பது என்று. எடுத்ததை என்ன செய்வது என்பதுதான் கடினம். அந்த இரவுக்கே திரும்பி வருகிறேன்.

இரண்டு நாள் கழித்து அந்தப் பையன் என்னைத் தேடி அழைத்தான். பதினேழு வயது. "அண்ணே, அந்தக் கடைசிப் பிடி படம் வந்திருக்கா?" என்றான். வந்திருக்கிறது, ரொம்ப நன்றாக வந்திருக்கிறது, இன்றைக்கே முகநூலில் போடப் போகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "போட வேணாம்ணே. எனக்கு மட்டும் அனுப்புங்க" என்றான். ஏன் என்று கேட்டேன். "அந்தப் பெரிய ரெய்டரு வேற ஊரு. அவங்க ஆளுங்க படத்தைப் பார்த்து யாரு இவன்னு கேட்பாங்க. நான் தினமும் அந்த ஊர் வழியாத்தான் பஸ்ஸுல போகணும்" என்றான்.

நான் இவ்வளவு நேரம் பேசியதற்கெல்லாம் அந்தப் பையன் ஒரே வரியில் தடை போட்டுவிட்டான். நம் பிள்ளைகள் படத்தில் இல்லை, படத்தில் வர வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். படத்தில் வந்தால் அடையாளம் தெரிந்துவிடும் என்று அவன் நினைக்கிறான்.

அவன் பயம் வீண் பயமா? 2025 மார்ச் 10ஆம் தேதி தூத்துக்குடி மாவட்டம் ஸ்ரீவைகுண்டம் அருகே, தேர்வு எழுதப் பேருந்தில் போய்க்கொண்டிருந்த பதினோராம் வகுப்புத் தலித் மாணவனை வழிமறித்து வெட்டினார்கள். கை விரல்கள் துண்டாயின. கபடிப் போட்டியில் ஆதிக்கச் சாதி அணியைத் தோற்கடித்ததற்கான பழி என்றுதான் குடும்பத்தார் சொன்னார்கள். கபடியில் பிடிக்கிற கை அது. தேர்வு எழுதுகிற கையும்தான். இது வெற்றிக்குக் கிடைத்த பரிசு. தோல்விக்கு என்ன கிடைக்கும்? 2021 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக் அரையிறுதியில் இந்தியப் பெண்கள் ஹாக்கி அணி அர்ஜென்டினாவிடம் தோற்றது. ஹரித்துவார் அருகே வந்தனா கட்டாரியாவின் வீட்டு முன்னால் பட்டாசு வெடித்து, அணியில் தலித்துகள் அதிகமாகிவிட்டதால்தான் தோற்றோம் என்று சாதியைச் சொல்லித் திட்டியதாக அவர் குடும்பத்தினர் புகார் கொடுத்தார்கள். ஜெயித்தாலும் குற்றம், தோற்றாலும் குற்றம். மாரி செல்வராஜின் 'பைசன்' படம் வந்தபோது, கபடிக்காரனுக்கு இவ்வளவு பகையா, மிகைப்படுத்துகிறார் என்று சிலர் பேசினார்கள். பேருந்தில் போகிற பையனைக் கேட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

அந்தத் தொலைபேசி அழைப்புக்குப் பிறகு எனக்கு நானே சில விதிகள் வைத்துக்கொண்டேன். நீங்களும் யோசித்துப் பாருங்கள்.

ஒன்று, படம் முதலில் ஆடியவருக்குப் போக வேண்டும். கமிட்டிக்கு அப்புறம், முகநூலுக்கு அதற்கும் அப்புறம். முடிந்தால் அச்சுப் போட்டுக் கையில் கொடுங்கள். நம் காலனி வீடுகளின் சுவரைப் பாருங்கள். இறந்துபோன தாத்தா, கல்யாணப் படம், மஞ்சள் நீராட்டு விழாப் படம் இருக்கும். மகன் பாய்ந்து பிடிக்கிற படம், மகள் பந்தை எகிறி அடிக்கிற படம் எத்தனை வீட்டில் இருக்கிறது? கைப்பேசியில் இருப்பது கைப்பேசி உடைந்தால் போய்விடும். இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் சித்தன்னவாசல். தாமரைக் குளத்தில் பூப் பறிக்கிறவர்களை எவனோ ஓர் ஓவியன் வரைந்துவிட்டுப் போனான். ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஆகியும் நிற்கிறது. நம் வீட்டுச் சுவரில் ஒரு படம் ஐம்பது ஆண்டாவது நிற்கட்டும்.

இரண்டு, கேட்காமல் பரப்பக்கூடாது. பதினெட்டு வயது ஆகாதவர் என்றால் அவரையும் கேட்க வேண்டும், பெற்றோரையும் கேட்க வேண்டும். 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் குழந்தைகளின் தரவைக் கையாளுகிற நிறுவனங்கள் பெற்றோர் சம்மதத்தைப் பெற வேண்டும் என்கிறது. நிறுவனத்துக்கே அந்தக் கட்டுப்பாடு என்றால் அண்ணன் என்று கூப்பிடுகிற பையனுக்கு நாம் அதைவிடக் கூடுதலாகவே கடமைப்பட்டிருக்கிறோம். பெண் பிள்ளைகளின் ஆட்டத்தில் இன்னும் கவனம் வேண்டும். கைப்பந்து ஆடும்போது குனிவார்கள், எகிறுவார்கள், விழுவார்கள். ஆட்டத்தை எடுங்கள். அவர்கள் பார்த்தால் வெட்கப்படுவார்கள் என்று உங்களுக்கே தோன்றுகிற படத்தை அந்த இடத்திலேயே அழித்துவிடுங்கள். ஒரு தப்பான படம் வெளியே போனால் உங்களுக்குப் பத்து லைக் வரும், அந்தத் தங்கைக்கு மறுநாளிலிருந்து மைதானமே இல்லாமல் போகும். வீட்டில் விட மாட்டார்கள்.

மூன்று, பெயர். படத்தின் கீழே "இளம் வீரர் அசத்தல்" என்று போடுவதில் ஒன்றுமில்லை. அவர் சம்மதித்தால் முழுப் பெயரைப் போடுங்கள். எந்த இடத்தில் ஆடுகிறார், என்ன செய்தார் என்று எழுதுங்கள். அவர் வேண்டாம் என்றால் பெயரும் வேண்டாம், ஊரும் வேண்டாம். இரண்டையும் அவரே முடிவு செய்யட்டும்.

நான்கு, கோப்பைப் படம். இதில்தான் நமக்குக் கொஞ்சம் அதிகாரம் இருக்கிறது. கேமராவைப் பிடித்திருக்கிறவன் "கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்" என்றால் யாராக இருந்தாலும் தள்ளி நிற்பார்கள். அதைப் பயன்படுத்துங்கள். இப்போதெல்லாம் நான், "ஐயா, முதலில் ஆடிய ஏழு பேரும் மாற்று ஆட்டக்காரர்களும் மட்டும். கோப்பை அவர்கள் கையில். அதற்குப் பிறகு உங்களோடு ஒன்று எடுக்கிறேன்" என்று சொல்லிவிடுகிறேன். தலைகளை எண்ணிப் பார்த்த பிறகுதான் எடுப்பேன். ஓரமாக நிற்கிறவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். "செருப்பைக் கீழே போட்டுட்டு வாடா" என்பேன். சில இடங்களில் முகம் சுளித்தார்கள். ஓர் ஊரில் அடுத்த ஆண்டு என்னைக் கூப்பிடவில்லை. பரவாயில்லை. ஆனால் பெரும்பாலான ஊர்களில், கூட ஆடின ஊர்த்தெருப் பையன்களே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தினார்கள். அதையும் நான் சொல்லியாக வேண்டும். அந்தப் பையன்களுக்குத் தொடுவதில் கூச்சமில்லை; இரவெல்லாம் கட்டிப் புரண்டவர்கள்தானே. ஒழுங்குபடுத்தி நிறுத்துகிற பெரியவர்களுக்குத்தான் கூச்சம். அந்த ஒழுங்கை ஒரு நிமிடம் கலைக்கக் கேமராவால் முடியும்.

ஒரு நிமிடம்தான். அதற்கு மேல் முடியாது என்பதும் எனக்குத் தெரியும். படம் எடுத்து முடித்ததும் எல்லோரும் அவரவர் தெருவுக்குத்தான் போகிறார்கள். விழாக் கமிட்டியில் காலனிக்காரர் இல்லாதவரை, களம் கோயில் நிலத்தில் இருந்து நாம் அனுமதி கேட்டு ஆடுகிறவரை, படம் மட்டும் எதையும் மாற்றிவிடாது. ஆகவே கமிட்டியில் இடம் கேளுங்கள். உங்கள் ஊராட்சியில் எல்லோருக்கும் பொதுவான மைதானம் கேளுங்கள். கேட்பதற்கு ஆதாரமாக இந்தப் படங்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தேதி போட்டு, இடம் எழுதி, இரண்டு பிரதி எடுத்து வையுங்கள். பத்து ஆண்டு கழித்து "எங்கள் ஊரில் அப்படியெல்லாம் எதுவும் இல்லை" என்று யாராவது சொன்னால், எடுத்து மேசையில் வைக்கலாம்.

இந்தக் கூட்டத்துக்குத் திரை கட்டியிருக்கிறார்கள். புரொஜெக்டரும் இருக்கிறது. நான் எடுத்ததிலேயே நல்ல படம் அந்தக் கடைசிப் பிடிதான். அதை இன்று உங்களுக்குக் காட்டப் போவதில்லை. புறப்படும் முன்பு அவனை அழைத்துக் கேட்டேன். இப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது. "இன்னும் வேணாம்ணே" என்றான். பிறகு, "ஆனா அந்தப் படம் வீட்டுல மாட்டியிருக்கேன். அம்மா வர்றவங்ககிட்ட எல்லாம் காட்டுது" என்றான்.

அந்தப் படம் வீட்டுச் சுவருக்கு வந்துவிட்டது. அது தெருவுக்கு வர வேண்டுமானால், அவன் பேருந்தில் பயமில்லாமல் போகிற ஊர் வேண்டும். அதை உண்டாக்குவது கேமராவின் வேலை இல்லை, நம் வேலை. அதுவரை திரை வெறுமையாக இருக்கட்டும்.